என் மச்சினன் தாடையில் இருக்கிற திருகு எந்தக் கம்பெனி? கொங்குப் பகுதித் தாடை அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களே, வணக்கமுங்க.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு பழைய டிரில்லிங் மிஷின், நாலு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் ஜாப் ஆர்டரில் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. படித்தது ஐ.டி.ஐ. டர்னர். உங்கள் தொழிலைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இந்த சில வருடத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் தாடைக்குள் உங்களில் சிலர் வேலை பார்த்திருக்கிறீர்கள், பில்லை நான் கட்டியிருக்கிறேன், அது போதும் என்று நினைக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று எழுதப்போவதில்லை. இது ஒரு இடத்துக் கதை இல்லை. ஈரோட்டிலும் கரூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று இதே மாதிரி வைத்திருக்கிறார்கள்.

கேட்பது ஒன்றுதான். எங்கள் வாய்க்குள் என்ன வைத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

2019இல் ஒரு ராத்திரி, என் மனைவியின் தம்பி திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பாதியில் முடித்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் வண்டியில் வரும்போது சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் உச்சி மண்டையை மட்டும் மூடுகிற அரை ஹெல்மெட், போலீஸுக்குக் காட்ட வாங்கியது. மண்டை தப்பியது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. இடது பக்கம் கோரைப்பல்லுக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் தாடை மேலே திரும்புகிற மூலையில் ஒன்று. பல்லைக் கடிக்கச் சொன்னால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரவே இல்லை, கதவு நிலையை விட்டு இறங்கின மாதிரி. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் பார்க்கும் திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது, அதனால் எல்லாமே எங்கள் கைக்காசு.

ஆபரேஷனைக் குறை சொல்லவே மாட்டேன். முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் வாய்க்குள்ளேயே திறந்து, மூன்று சின்ன உலோகப் பிளேட் வைத்துத் திருகால் முறுக்கி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் ராகிக் கூழ், பருப்புத் தண்ணி. அப்புறம் அக்கா கையால் அரிசியும்பருப்பும் சாதத்தைக் குழையக் குழைய மசித்து, நெய் விட்டு. ஒரு மாதத்துக்குச் சந்தகை கூட மெல்லக் கூடாது என்றார்கள், அவ்வளவுதான் கஷ்டம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் பெரியப்பா. பொள்ளாச்சிப் பக்கம் எண்பதுகளில் தென்னை மரத்திலிருந்து விழுந்து அவருக்கும் தாடைதான் உடைந்தது. அப்போது பிளேட் எல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் கண்டதில்லை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி ஆறு வாரம் வாயைப் பூட்டிவிட்டார்கள். கடைவாய்ச் சந்தில் குழாய் விட்டு உறிஞ்சித்தான் சாப்பாடு. அவர் கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் ஒரு கட்டிங் பிளேயர் தொங்கும். நான் அப்போது சின்னப் பையன், அது எதற்கு என்று கேட்டதற்குப் பெரியம்மா, "வாந்தி வந்துச்சுன்னா கம்பியை வெட்டோணும் கண்ணு, இல்லீன்னா மூச்சு முட்டிக்கும்" என்றார். ராத்திரி அவர் இருமினால் முதலில் அந்தப் பிளேயரைத்தான் எல்லோரும் பார்ப்போம். ஆறு வாரத்தில் ஆள் பாதியாகிப் போனார்.

அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இன்றைய பிளேட் ஒரு அதிசயம்தான். அதனால் மச்சினன் டிஸ்சார்ஜ் ஆனபோது காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதும்தான். பில்லில் 'இம்ப்ளாண்ட் சார்ஜ்' என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு தொகை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஓ.ஆர்.ஐ.எஃப். செய்யப்பட்டது, மயக்க மருந்தின் கீழ்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. திறந்து, எலும்பைச் சேர்த்து, உள்ளே பிளேட் வைத்தோம் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். எந்த உலோகம், எந்தக் கம்பெனி, எத்தனை திருகு, என்ன அளவு, ஒன்றும் இல்லை.

முதல் இடி மூன்று வருடம் கழித்து விழுந்தது. அவனுக்கு முதுகுவலி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரில் ஃபாரம் நிரப்பும்போது உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இருக்கிறது, தாடையில். என்ன உலோகம்? தெரியாது. டைட்டானியமா ஸ்டீலா? தெரியாது. காகிதம் இருக்கிறதா? இந்தாங்க. அந்தப் பையன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லீங்களே, ஆபரேஷன் பண்ணின இடத்துல எழுதி வாங்கிட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது என்று எனக்குத் தெரியும், நீங்கள் வைக்கிற ரக ஸ்டீல்கூடப் பெரிதாக இழுபடாது என்றும் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது, அவனுக்குக் காகிதம் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், ரெக்கார்டு ரூமில் ஃபைல் கிடைக்கவில்லை. பத்து நாள் அலைந்து, கடைசியில் அங்கே இருந்த வேறொரு டாக்டர், 'நாங்கள் வழக்கமாக டைட்டானியம்தான் வைப்போம்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். வழக்கமாக! என் பட்டறையில் ஒரு ஷாஃப்டுக்கு 'வழக்கமாக இந்த ஸ்டீல்தான் போடுவோம்' என்று எழுதி அனுப்பினால் கம்பெனிக்காரன் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடுவான்.

இரண்டாவது இடி அடுத்த வருடம். வலது மூலையில் வீக்கம், ஈறிலிருந்து லேசாகச் சீழ். இந்த முறை வேறு ஒரு டாக்டரிடம் போனோம். அவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் நான் கேட்பது நடக்கிற காரியம்தான் என்பதற்கு அவரே சாட்சி.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து லாடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தாடை வரைந்தார். மூலையில் ஏன் ஒரே பிளேட், முன்னால் ஏன் இரண்டு என்று நான்தான் கேட்டேன். மெல்லும்போது தாடை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் தொங்குகிற பீம் மாதிரி வேலை செய்கிறது, மேல் ஓரம் இழுபடும், கீழ் ஓரம் அமுங்கும், அதனால் மூலையில் மேல் ஓரத்தில் ஒரு சின்ன பிளேட் பிடித்தாலே போதும், முன்பக்கம் மட்டும் முறுக்கும் சேர்ந்து வருவதால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வேண்டும் என்றார். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சாம்பி என்கிற மருத்துவரும் கூட்டாளிகளும் 1978இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்களாம். அதற்கு முன்னால் கனமான பிளேட்டை வெளியிலிருந்து கழுத்துப் பக்கம் கீறி வைக்கிற வழக்கம் இருந்தது. விசை எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டதால்தான் பிளேட் இளைத்து வாய்க்குள்ளேயே வைக்கிற அளவுக்கு வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக ஷாஃப்டில் முறுக்கும் வளைவும் பார்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு முதல் முறையாக டாக்டர் பேசுவது முழுசாகப் புரிந்தது. நாங்கள் புரியாதவர்கள் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் சொல்லாமல் விடுகிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஊரில் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதி மிஷின் ஓட்டுகிறவர்கள் சாமி.

சரி, அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இது எந்தக் கம்பெனி சிஸ்டம்னு தெரியுமுங்களா?"

ஏன் என்றால், திருகின் தலை. ஒரு கம்பெனிக்குப் பிளஸ் வெட்டு, இன்னொன்றுக்குச் சதுரம், இன்னொன்றுக்கு அறுகோணம், ஸ்டார். அளவிலும் மயிரிழை வித்தியாசம். சரியான டிரைவர் இல்லாமல் கழற்றினால் தலை வழுக்கிவிடும், இது என் பட்டறைப் பையனுக்கே தெரியும். எக்ஸ்ரேயில் பிளேட்டின் ஜாடை தெரிகிறது, தலையின் வெட்டு தெரியாது. அவர் தெரிந்த மூன்று நாலு செட் டிரைவர்களைக் கிருமி நீக்கித் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஆனது. நாலு திருகில் மூன்று வந்துவிட்டது. நாலாவது வழுக்கி, தலையை பர் என்கிற சின்னச் சுழல் அரம் வைத்துத் தேய்த்து எடுத்து, திருகின் உடம்பை எலும்புக்குள்ளேயே விட்டுவிட்டார். விட்டதால் பாதகம் இல்லை என்றார், இதுவரை பாதகம் இல்லை.

வெளியே வந்ததும் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு அந்தப் பிளேட்டை என் கையில் கொடுத்தார். பட்டறைக்குக் கொண்டுபோய், கழுவி, வெர்னியர் வைத்துப் பார்த்தேன். தடிமன் ஒரு மில்லிமீட்டர். திருகின் விட்டம் இரண்டு, நீளம் எட்டு. நாலு ஓட்டை, நடுவில் கொஞ்சம் இடைவெளி, தாடையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி கையால் வளைத்திருந்த தடம் தெரிந்தது. எடை இருப்பதே தெரியவில்லை, ஒரு வேப்பிலைக் கொழுந்தைப் பிடித்த மாதிரி. இதைத் தாங்கித்தான் ஒரு ஆள் நாலு வருடம் சோறு மென்றிருக்கிறான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் எழுத்து மாதிரி ஏதோ தேய்ந்த தடம், படிக்க முடியவில்லை.

டைட்டானியத்தை நான் ஒரே ஒரு தடவை கடைந்திருக்கிறேன். சூடு வெளியே போகாது, எல்லாம் டூல் முனையிலேயே நிற்கும், வெட்டுகிற இன்செர்ட் முனை சீக்கிரம் செத்துப்போகும், சீவல் சன்னமாக விழுந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். கடைசல்காரனுக்கு இவ்வளவு முரண்டு பிடிக்கிற உலோகம் எலும்போடு மட்டும் எப்படி இப்படிச் சிநேகமாகப் போகிறது என்று தேடிப் படித்தேன். சுவீடனில் பிரானமார்க் என்பவர் ஐம்பதுகளில் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்கு டைட்டானியத்தில் ஒரு கருவி வைத்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1965இல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகு வைத்துப் பல் கட்டினார். அந்த மனிதர் நாற்பது வருடத்துக்கு மேல் அதே திருகுகளோடு வாழ்ந்து இறந்தார். இந்த உலோகத்துக்கு மூலமான இல்மனைட், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் கிடக்கிறது. அதைப் படித்தபோது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு பார் ராடு வாங்கினால் அதோடு டெஸ்ட் சர்டிபிகேட் வரும், ஹீட் நம்பர் இருக்கும், அதாவது எந்த உலையில் எந்த ஊற்றில் வந்தது என்று. அதை ஜாப் கார்டில் எழுதுவோம். நான் கடைந்த ஷாஃப்ட் தாராபுரத்தில் ஏதோ தோட்டத்துக் கிணற்றில் உடைந்தால் கம்பெனிக்காரன் நம்பரைப் பிடித்து என் வாசலுக்கு வந்துவிடுவான். சோளக்காட்டுக்குத் தண்ணி இறைக்கிற மோட்டாருக்கு இவ்வளவு. உங்கள் சாமானுக்கும் இது இல்லாமல் இல்லை. உடம்புக்குள் வைக்கிற டைட்டானியத்துக்கென்றே தனித் தர எண் இருக்கிறது. 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிற மருத்துவக் கருவி விதிகளின்படி லேபிளில் தயாரிப்பாளர் பெயரும், எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டுகிற லாட் நம்பரும் இருந்தே ஆக வேண்டும். கருவியால் பாதிப்பு வந்தால் தெரிவிக்க 2015இல் மத்திய அரசு ஒரு ஏற்பாடு தொடங்கியது, அந்த ஃபாரத்திலும் லாட் நம்பருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாம் உங்கள் ஸ்டோர் ரூம் வரைக்கும் வந்துவிடுகிறது. எங்கள் கைக்கு வருகிற கடைசிப் பத்தடியில்தான் காணாமல் போகிறது.

நீங்கள் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும். அந்த நல்ல டாக்டரே சொன்னார். தாடைத் திருகெல்லாம் ஒவ்வொன்றும் தனிப் பாக்கெட்டில் வருவது குறைவு. ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, மொத்தமாக ஆட்டோகிளேவில் நீராவியில் கிருமி நீக்கி, எது பொருந்துகிறதோ அதை எடுப்போம், குறைந்ததற்குப் புதுசு வாங்கி நிரப்புவோம், லாட்டெல்லாம் கலந்துதான் இருக்கும் என்று. நியாயம். என் பட்டறையில் நட்டு போல்ட் டப்பாவும் அப்படித்தான். ஆனால் கம்பெனி பெயர் தெரியும்தானே? டைட்டானியமா இல்லையா என்று தெரியும்தானே? 2.0 சிஸ்டம், அதாவது இரண்டு மில்லி விட்டத் திருகு, தலை வெட்டு இது, எட்டு மில்லி திருகு இத்தனை, இடம் இது. இவ்வளவை எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? பல்லுக்கு வேர் மாதிரி வைக்கிற இம்ப்ளாண்ட் திருகு தனிப் பாக்கெட்டில்தான் வருகிறது, அதில் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பான். ஒன்று உங்கள் ஃபைலுக்கு, இன்னொன்று யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

அந்த ஸ்டிக்கர் விஷயத்தில்தான் என் அம்மா கதை வருகிறது.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் பல் இல்லை, இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்றார்கள், வேறு ஒரு இடம். எலும்பு இளைத்திருக்கிறது, கொஞ்சம் எலும்புப் பவுடர் வைத்து மேலே ஒரு சவ்வு மூட வேண்டும் என்றார்கள். பவுடர் என்றால் பவுடர், நாங்கள் ஏதோ சுண்ணாம்புச் சத்து என்று நினைத்துக்கொண்டோம். முடிந்து வரும்போது குப்பைக்கூடையில் காலிப் பெட்டி கிடந்தது, பழக்க தோஷம், எடுத்து லேபிளைப் படித்தேன். மாட்டு எலும்பு. என் அம்மா முட்டை கலந்த கேக் கூடத் தொடாத ஆள்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அதில் இறைச்சி, கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் தாது மட்டும்தான் இருக்கும், உங்கள் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும், உலகம் முழுக்கப் பல வருடமாக வைக்கிறார்கள். எல்லாம் சரி, நான் போய்ப் படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. நல்ல மெட்டீரியல்தான். ஆனால் வேறு வழியும் இருந்தது. அம்மாவுடைய தாடையிலேயே பின்பக்கம் கொஞ்சம் சுரண்டி வைத்திருக்கலாம். செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் பவுடர் இருக்கிறது. அவருடைய ரத்தத்தையே ஒரு டியூபில் எடுத்துச் சுற்றி, நடுவில் திரள்கிற ஜெல்லி மாதிரி நாரை எடுத்து வைக்கிற முறையும் இருக்கிறது, பிரான்ஸில் ஆரம்பித்து இப்போது நம்மூர் கிளினிக்குகளிலும் செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை, ஒரு நிறை, ஒன்று சீக்கிரம் கரையும், ஒன்றுக்குக் கூடுதலாக இன்னொரு இடத்தில் புண் ஆகும், அதெல்லாம் நீங்கள் சொல்லி நாங்கள் தலையாட்ட வேண்டிய விஷயம். என் பட்டறையில் வேலை பார்க்கிற பாய் இதைக் கேட்டதும், "அண்ணா, அந்தச் சவ்வு பன்னியில இருந்து எடுக்கறதுங்களா?" என்றார். சில சவ்வுகள் பன்றியிலிருந்து வருவதுதான், சிலது மாட்டிலிருந்து. அவருக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்று உங்களுக்கே தெரியும். கையெழுத்து வாங்குகிற கன்சென்ட் ஃபாரத்தில் மயக்க மருந்தால் உயிர் போகலாம் என்று எழுதியிருக்கிறது, மாட்டின் எலும்பு என்ற இரண்டு சொல் இல்லை.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா வேண்டாமா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்றைக்கும் வாக்குவாதம்.

எங்கள் பக்கமும் கோளாறு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. புகையிலை போடுகிறாயா என்று கேட்டால் இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டே கடைவாயில் ஹான்ஸை ஒதுக்குகிற ஆட்களை எனக்கே தெரியும். எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போட்டிருப்பார்கள், பல் பிடுங்கும்போது சொல்ல மாட்டார்கள், பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று. அந்த வகை மருந்து எடுத்தவர்களுக்கு அபூர்வமாகத் தாடை எலும்பே ஆறாமல் செத்துப்போகிறது என்று 2003 முதலே எழுதி வருகிறார்கள், அந்த நல்ல டாக்டர்தான் இதையும் சொன்னார். எழுதிக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், நாங்களும் ஒழுங்காகச் சொல்லப் பழகிக்கொள்கிறோம்.

அவர் மேசையில் ஒரு தாடை எலும்பு மாதிரி இருந்ததைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சி.டி. ஸ்கேனை வைத்து முப்பரிமாணப் பிரிண்டரில் அடித்தது, வாய்ப் புற்றுநோய் வந்த ஒரு நோயாளியின் தாடையாம். வெட்டி எடுக்க வேண்டிய அளவை முன்கூட்டியே அதில் குறித்து, பெரிய பிளேட்டை அதன் மேல் வைத்து வளைத்து வைத்துக்கொண்டால், ஆபரேஷன் டேபிளில் அவ்வளவு நேரம் மிச்சம். வெட்டிய இடத்துக்குக் காலிலிருந்து ஒரு எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பார்கள். நாங்கள் ஜிக் செய்துகொண்டு வேலையில் இறங்குகிற மாதிரியேதான். குழந்தைகளுக்கென்றால் கரைகிற பிளேட் இருக்கிறது என்று அதையும் காட்டினார், வெந்நீரில் சூடாக்கினால் வளையும், கொஞ்ச வருடத்தில் உடம்பிலேயே கரைந்து போய்விடும், பிரிண்டரில் ஓடுகிற பி.எல்.ஏ. இழைக்கு ஒரு விதத்தில் பங்காளி. எனக்கு அங்கிருந்து எழுந்து வர மனசில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், அவர் அதற்காக என்னைத் துரத்தவும் இல்லை.

இவ்வளவு நுட்பமாக வேலை செய்கிற உங்களிடம் போய் ஒரு துண்டுக் காகிதம் கேட்பது எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். காந்திபுரத்தில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து விசிட்டிங் கார்டு அளவில் ஐந்நூறு கார்டு அடித்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பெயர், தேதி, எந்தப் பக்கத் தாடை. மறுபக்கம் மெட்டீரியல், கம்பெனி, அளவு, எத்தனை, திருகுத் தலை, லாட் தெரிந்தால் லாட், விலங்கிலிருந்து எடுத்ததா, கழற்ற வேண்டுமா, ஸ்கேன் எடுக்கலாமா. கீழே ஸ்டிக்கர் ஒட்ட ஒரு கட்டம். எல்லாம் தமிழில், பேனாவால் நிரப்புகிற மாதிரி. அந்த டாக்டர் ஐம்பது வாங்கிக்கொண்டார், என் மச்சினனுக்கு முதல் கார்டு அவர்தான் நிரப்பினார். கழற்றிய பிளேட்டின் விவரம் எழுதியாயிற்று. முன்பக்கம் இன்னும் உள்ளே இருக்கிற இரண்டு பிளேட்டுக்கும் கம்பெனி என்ற இடத்தில் பென்சிலில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறார்.

மீதி நானூற்று ஐம்பது என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் சொல்லுங்கள், பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுகிறேன், காசு வேண்டாமுங்க.

இப்படிக்கு,
கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவன்